ஜென்ஷின் இம்பாக்ட்: வன்னியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முழு வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இந்த விளையாட்டைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். விளையாட முன்னமே டேட்டா முடிந்து போகிறது, அல்லது போனில் இடம் போதாமல் போகிறது. அதைத் தாண்டியவர்கள் எலிமென்ட் என்றால் என்னவென்று விளங்காமல் வாளை மட்டும் வீசிக்கொண்டிருக்கிறார்கள். அதையும் தாண்டியவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் பத்துப் பாத்திரங்களுக்குப் பகிர்ந்து கொடுத்து, ஒருவரையும் உருப்படியாக வளர்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இது நடந்து பார்க்கிற விளையாட்டு. முதலில் ஊர் சுற்ற வேண்டும், பிறகு நான்கு பேரை வளர்க்க வேண்டும். காசு கொடுக்கத் தேவையே இல்லை. இந்த ஒழுங்கு பிசகினால்தான் சலிப்பு வரும். கீழே உள்ள படிகளை இருக்கிற வரிசையிலேயே செய்யுங்கள்.

1. டவுன்லோட் செய்ய முன்

போனில் 30 ஜிபி அளவுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். ரெம் 4 ஜிபி உள்ள போனில் ஓடும், ஆனால் தடுமாறும். 6 ஜிபி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் சண்டை நேரத்தில் திரை உறையாது. வீட்டில் ஓரளவு நல்ல கணினி இருந்தால் அதிலேயே விளையாடுங்கள். ஒரே கணக்கால் போனிலும் கணினியிலும் மாறி மாறித் தொடரலாம்.

கவனியுங்கள், டவுன்லோட் இரண்டு கட்டமாக நடக்கும். ஸ்டோரிலிருந்து இறங்குவது சிறிய பகுதி மட்டும்தான். பெரிய பகுதி, விளையாட்டை முதல் தடவை திறந்த பிறகுதான் இறங்கத் தொடங்கும். டவுனில் இருக்கும் ஒருவருடைய வைஃபையில் ஸ்டோர் பகுதியை இறக்கிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று மாங்குளத்துக்கோ ஒட்டுசுட்டானுக்கோ பஸ் ஏறுகிறார்கள். வீட்டில் திறந்தால் இன்னும் பல ஜிபி கேட்கிறது. அதனால் வைஃபை இருக்கிற இடத்திலேயே விளையாட்டைத் திறந்து, கடற்கரையில் உங்கள் பாத்திரம் நிற்கும் காட்சி வரும்வரை அங்கேயே இருங்கள்.

வீட்டில் ரூட்டர் அல்லது மொபைல் டேட்டாதான் என்றால், இரவு நேரத்துக்கென்று தனியாக டேட்டா தரும் பெக்கேஜைப் பாருங்கள். நள்ளிரவுக்குப் பிறகு நெருக்கடி குறைவு, வேகமும் கூடும். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும், அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல போன்களில் திரை அணைந்தால் டவுன்லோடும் நின்றுவிடும்.

குரல் பொதி ஒன்றை மட்டும் வைத்திருங்கள். சீனம், ஆங்கிலம், ஜப்பானியம், கொரியன் ஆகிய நான்கு மொழிகளில் குரல் உண்டு. ஒவ்வொன்றும் தனியாக இடம் பிடிக்கும். தமிழில் எழுத்தும் இல்லை, குரலும் இல்லை. ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு, வசனம் ஓடும்போது நிதானமாக வாசியுங்கள். ஓ/எல் படிக்கிற பிள்ளைக்கு விளங்கக்கூடிய ஆங்கிலம்தான் பெரும்பாலும் வரும்.

2. கணக்கும் சேர்வரும்

கணக்கை உங்களுடைய சொந்த மின்னஞ்சலால் திறங்கள். கடைக்காரர் திறந்து தந்த மின்னஞ்சல், பழைய போனில் மட்டும் இருக்கிற மின்னஞ்சல் இரண்டும் வேண்டாம். போன் மாறும் நாளில் உறுதிப்படுத்தும் இலக்கம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். அதைத் திறக்க முடியாவிட்டால் அதுவரை விளையாடியது எல்லாம் போய்விடும்.

அடுத்து சேர்வர். இங்கிருந்து விளையாடுவதற்கு ஆசியா சேர்வர்தான் சரி. நம் வீடுகளில் வரும் சிக்கல் வேறு மாதிரி. ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் அமெரிக்கா சேர்வருக்கு வரச் சொல்வான், லண்டனில் இருக்கிற அண்ணன் ஐரோப்பாவுக்குக் கூப்பிடுவார். ஒரே சேர்வரில் இருந்தால்தான் சேர்ந்து விளையாடலாம் என்பது உண்மை. ஆனால் தூரத்துச் சேர்வரில் தாமதம் கூடும். சண்டை நேரத்தில் அது பெரிய இடைஞ்சல்.

ஒரு சேர்வரில் விளையாடியதை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. ஆகவே உங்கள் முதன்மை விளையாட்டை ஆசியாவில் வையுங்கள். மச்சானோடு விளையாட ஆசை என்றால், அதே கணக்கால் அமெரிக்கா சேர்வரில் வேறாக, முதலிலிருந்து தொடங்கலாம்.

பிறகு இரட்டையரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஈத்தர் ஆண், லூமின் பெண். பலத்தில் வேறுபாடு இல்லை. பார்க்கப் பிடித்தவரை எடுங்கள், அவர்தான் உங்கள் பயணி.

3. முதல் வேலை செட்டிங்ஸ்

கிராபிக்ஸை மிகக் குறைந்த நிலைக்குக் கொண்டுபோய், 30 பிரேமில் வைத்துத் தொடங்குங்கள். ஓட்டம் சீராக இருந்தால் ஒவ்வொன்றாக ஏற்றலாம். உச்சத்தில் தொடங்கி இறக்கிக்கொண்டு வந்தால் அதற்குள் போன் கொதித்துவிடும்.

சூடு இங்கே பெரிய விசயம். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாத மத்தியானத்தில், சார்ஜில் போட்டபடியே விளையாடினால் போன் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திக்கித் திக்கி ஓடும், நீங்கள் நெட்வொர்க்கைத் திட்டுவீர்கள். காலையிலோ பொழுது பட்ட பிறகோ விளையாடுங்கள். போன் கவரைக் கழற்றிவிடுங்கள், சார்ஜ் ஏற்றி முடித்துவிட்டு உட்காருங்கள்.

4. முதல் மணித்தியாலங்கள்: சண்டையை விட்டு நடவுங்கள்

பைமோன் என்ற சின்னஞ்சிறு தோழி பறந்து பறந்து வழி சொல்வாள். அவள் காட்டும் கதை வழியிலேயே போய், மோன்ட்ஸ்டாட் நகருக்குள் நுழைந்து, பறக்கும் சிறகு கையில் கிடைக்கும்வரை வேறெங்கும் திரும்ப வேண்டாம். காரணம், சிறகு இல்லாமல் ஏறிய மலையிலிருந்து இறங்க வழியில்லை. குதித்தால் சாவுதான்.

சிறகு வந்ததும் கதையைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். வரைபடத்தைத் திறந்து ஏழின் சிலை (Statue of The Seven) எனப்படும் தெய்வச் சிலைகளின் அடையாளங்களைப் பாருங்கள். எவ்வளவு தூரமானாலும் முதலில் அவற்றைத் தொடுங்கள். ஒவ்வொரு சிலையும் அந்தப் பகுதியின் வரைபடத்தைத் திறக்கும், காயத்தை இலவசமாக ஆற்றும், விழுந்தவர்களை எழுப்பும். போகிற வழியில் தென்படும் பயணக் கம்பங்கள் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போங்கள். பிறகு வரைபடத்தில் ஒரு தட்டு தட்டினால் அங்கே போய் நிற்கலாம். இன்று நடக்கும் நடைதான் நாளைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

இப்போது ஸ்டமினா. மஞ்சள் வளையம் ஒன்று பாத்திரத்துக்குப் பக்கத்தில் குறைந்துகொண்டே வரும். ஓடுதல், ஏறுதல், நீந்துதல், பறத்தல் எல்லாம் அதையே தின்னும். தொடக்கத்தில் அது 100 மட்டும்தான். புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை, மலையில் குதித்துக் குதித்து ஏறுவது. ஒரு குதிப்பு நிறைய ஸ்டமினாவை எடுக்கும். மெதுவாக ஊர்ந்தே ஏறுங்கள். உச்சிக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது மட்டும் குதியுங்கள். பாறையில் நிற்கக்கூடிய சின்ன விளிம்பு கிடைத்தால் நின்று, வளையம் நிரம்பிய பிறகு தொடருங்கள். மழை பெய்தால் ஏறுவதில் பயனில்லை என்றில்லை, இந்த விளையாட்டில் மழையிலும் ஏறலாம், ஆனால் மின்னல் உங்கள் தலையில் இறங்கக்கூடும்.

நீரில் வளையம் முடிந்தால் மூழ்கிவிடுவீர்கள். அகலமான ஏரியைக் கண்டால் நீந்தாமல், கதையில் இலவசமாகக் கிடைக்கும் கையா என்ற பனி வீரனைக் கொண்டுவாருங்கள். அவனுடைய திறமை நீரின் மேற்பரப்பை உறைய வைக்கும். ஒரு துண்டு உறைய வைத்து அதில் ஏறி நின்று, அடுத்த துண்டை உறைய வைத்து, இப்படியே கடந்து விடலாம்.

ஸ்டமினாவைக் கூட்டும் வழி: மோன்ட்ஸ்டாட் முழுவதும் அனிமோகுலஸ் என்ற பச்சை நீலத்தில் ஒளிரும் சிறு பொருட்கள் உண்டு. கிட்டப் போனால் சின்ன வரைபடத்தில் அடையாளம் தெரியும். அவற்றைச் சேர்த்துச் சிலையில் கொடுத்தால் ஸ்டமினா ஏறும். அடுத்த நாடான லியூவேயிலும் இதே போன்றவை உண்டு. எல்லாம் சேர்த்தால் 240 வரை போகும். இதைவிட உபயோகமான ஒரு வேலை முதல் வாரத்தில் இல்லை. ஆனாலும் அதிகம் பேர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

5. எலிமென்ட்: இங்கேதான் விளையாட்டு இருக்கிறது

ஏழு எலிமென்ட்கள். நெருப்பு பைரோ, நீர் ஹைட்ரோ, மின்சாரம் எலெக்ட்ரோ, பனி கிரையோ, காற்று அனிமோ, கல் ஜியோ, தாவரம் டென்ட்ரோ. ஒன்றை எதிரியின் மேல் ஒட்டி, அது மறைய முன் இன்னொன்றை அடித்தால் இரண்டும் சேர்ந்து வேறொன்று நடக்கும். சேதத்தின் பெரும்பகுதி அந்தச் சேர்க்கையில்தான் வருகிறது.

தொடக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாத்திரங்களை வைத்தே பாருங்கள். கையாவின் பனியை முதலில் ஒட்டுங்கள். உடனே ஆம்பருக்கு மாறி, வில்லை முழுதாக இழுத்து எரியும் அம்பை விடுங்கள். இதற்குப் பெயர் மெல்ட், அந்த அம்பின் சேதம் இரண்டு மடங்காகும். வரிசையைத் திருப்பிப் போட்டு, நெருப்பின் மேல் பனியை அடித்தால் ஒன்றரை மடங்குதான். வரிசை முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆம்பரின் நெருப்போடு லிசாவின் மின்சாரம் சேர்ந்தால் வெடிக்கும், எதிரிகள் தூரப் போய் விழுவார்கள். கும்பல் சூழ்ந்துகொண்டால் நல்லது. ஆனால் ஒருவனைக் கிட்ட வைத்து அடிக்க நினைக்கும்போது இடைஞ்சல், ஓடி ஓடித் துரத்த வேண்டி வரும். நனைந்த எதிரிக்குப் பனி கொடுத்தால் உறைந்து நிற்பான். நனைந்த எதிரிக்கு மின்சாரம் கொடுத்தால் அருகில் நனைந்து நிற்பவர்களுக்கும் பாயும். மழை பெய்தாலே எல்லாரும் நனைந்தவர்கள்தான், நீங்களும் உட்பட. உங்கள் பயணியின் காற்று, எதிரி மேல் இருக்கும் எலிமென்ட்டைச் சுற்றியிருப்பவர்களுக்கும் பரப்பும்.

இனிச் செய்யக்கூடாதவை.

நெருப்பு ஸ்லைமை நெருப்பால் அடிக்காதீர்கள். துளிகூடக் குறையாது. துள்ளித் துள்ளி வரும் அந்தப் பசை உருண்டைகள் என்ன நிறமோ அதற்கு எதிரானதைத் தேடுங்கள்.

மரக் கேடயம் வைத்திருக்கும் ஹிலிசேர்ல் என்ற எதிரியை முன்னால் நின்று வாளால் வெட்டாதீர்கள். ஆம்பரின் எரியும் அம்பு ஒன்றை விட்டால் கேடயம் பற்றி எரிந்துவிடும்.

குமிழிக்குள் மிதந்துவரும் அபிஸ் மந்திரவாதிதான் அதிகம் பேரை நிறுத்திவைப்பவன். அந்தக் குமிழி இருக்கும்வரை வெறும் வாளால் ஒன்றும் ஆகாது. பனிக் குமிழிக்கு ஆம்பரின் நெருப்பு, நீர்க் குமிழிக்குக் கையாவின் பனி. குமிழி உடைந்ததும் அவன் தரையில் விழுந்து கிடப்பான். அந்த நேரத்தில் எல்லாரும் சேர்ந்து அடியுங்கள், திரும்பக் குமிழி போட விடாதீர்கள்.

புல்வெளியில் நின்று நெருப்பு வீசும்போது காலடியையும் பாருங்கள். புல் பற்றினால் நீங்களும் வேகுவீர்கள்.

ஆம்பரின் முயல் பொம்மையைப் பலர் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதை எறிந்தால் நடுவில் நின்று ஆடும், எதிரிகள் உங்களை விட்டுவிட்டு அதை அடிப்பார்கள், கடைசியில் அது வெடிக்கும். காயப்பட்டிருக்கும்போது உணவு எடுக்கவும் ஓடவும் அந்த இடைவெளி போதும்.

6. சமையல்

கண்ணில் படும் பழம், காளான், முட்டை, இனிப்புப் பூ எதையும் விடாமல் பறியுங்கள். தொடக்கத்தில் ஆற்றுபவர் ஒருவர் கையில் இருக்கமாட்டார், உணவுதான் மருந்து. கோழி இறைச்சி 2, இனிப்புப் பூ 2 சேர்த்தால் ஸ்வீட் மடாம், நல்ல சத்து. ஒரு முட்டையைப் பொரித்தால் விழுந்தவரை எழுப்பலாம். முட்டைப் பொரியல் கையிருப்பு இல்லாமல் பெரிய சண்டைக்குப் போக வேண்டாம்.

சமைக்கும்போது ஊசி பொன்னிறப் பகுதிக்குள் வரும் நேரத்தில் நிறுத்துங்கள், உணவின் பலன் கூடும். சில தடவை சரியாகச் செய்தபின் தானாகவே சமைக்கும்.

7. நான்கு பேர், நான்கே பேர்

ஒரு நேரத்தில் அணியில் நான்கு பேர்தான். அனுபவப் புத்தகம், மோரா என்ற பணம், ஆயுதம் தீட்டும் கனிமம் எல்லாமே தொடக்கத்தில் தட்டுப்பாடு. புதிதாக ஒருவர் கிடைத்தவுடன் இருப்பதை அவருக்குக் கொட்டுவதுதான் பெரிய பிழை. அப்படிச் செய்தவர்களின் கணக்கைத் திறந்தால் எல்லாரும் 20, 30 லெவலில் நிற்பார்கள். உலகம் மட்டும் வளர்ந்திருக்கும்.

உலகம் வளர்வது எப்படி? நீங்கள் பெட்டி திறக்க, கம்பம் தொட, பணி முடிக்க அட்வென்ச்சர் ரேங்க் ஏறும். அது 20ஐத் தொட்டதிலிருந்து படிப்படியாக உலகத்தின் லெவலும் ஏறி, எதிரிகள் எல்லாரும் கடினமாவார்கள். உங்கள் நால்வர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

என் தெரிவு: பயணி, கையா, ஆம்பர், நான்காவதாக நோயல். நோயல் எங்கிருந்து வருவாள் என்று 9ஆம் பகுதியில் சொல்கிறேன். அவள் கேடயம் போடுவாள், அது இருக்கும்போது அடித்தால் அணியை ஆற்றவும் கூடும். அவளுடைய பெருவாள் கனிமப் பாறைகளையும் சட்டென உடைக்கும். அவள் வரும்வரை லிசா இருக்கட்டும்.

இந்த நால்வருக்குள்ளும் அடிப்பவர் ஒருவரைத் தெரிந்து அவரை முதலில் ஏற்றுங்கள். ஒருவருடைய லெவலை ஏற்றும்போதே அவருடைய ஆயுதத்தையும் ஏற்றுங்கள். லெவல் 40, கையில் லெவல் 1 வாள் என்றால் அந்த 40க்குப் பலனில்லை. மூன்று நட்சத்திர ஆயுதம் தொடக்கத்துக்குத் தாராளம். சேர்த்த இரும்பை மோன்ட்ஸ்டாட் வாசலுக்குப் பக்கத்திலுள்ள கொல்லனிடம் கொடுத்தால் ஆயுதம் தீட்டும் கனிமமாக்கித் தருவான். ஒவ்வொரு நாளும் போட்டுவிட்டு வாருங்கள்.

லெவல் 20ல் பாத்திரம் நின்றுவிடும். அங்கே அசென்ஷன் செய்ய வேண்டும், அதற்கு ரேங்க் 15 தேவை. ஒவ்வொருவருக்கும் ஊருக்குரிய ஒரு செடியோ பூவோ வேண்டும். கையாவுக்கு நீர்க்கரையில் பூக்கும் காலா லில்லி, ஆம்பருக்கு இருட்டில் விளக்குப் போல ஒளிரும் சிறு புல். பறித்த இடத்தில் 48 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் மீண்டும் முளைக்கும். அதனால் தேவை வந்த பிறகு தேடாமல், போகிற வழியில் கண்டபோதே பறித்துவையுங்கள்.

ஆர்ட்டிபாக்ட் என்ற ஐந்து அணிகலன்கள் விசயத்தில் அவசரம் வேண்டாம். கிடைத்ததைப் போட்டு, கொஞ்சம் ஏற்றி விட்டுவிடுங்கள். நல்ல ஐந்து நட்சத்திரத் தொகுதிக்கு ரேங்க் 45 வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்கு முன் அவற்றுக்காக மண்டபம் மண்டபமாக ஏறி இறங்குவது நேர விரயம்.

8. ரெசின்

பெரும் எதிரிகளை வென்று பரிசை எடுக்க, பூமியிலிருந்து எழும் லே லைன் பூக்களைத் திறக்க ரெசின் வேண்டும். 8 நிமிடத்துக்கு 1 ஊறும். 200 வந்ததும் ஊறுவது நின்றுவிடும். இரணைமடு நிறைந்த பிறகு வருகிற தண்ணீர் வான் பாய்ந்து போவது போல, 200க்குப் பிறகு கழிகிற நேரம் உங்களுக்கு உதவாது. வெறுமையிலிருந்து நிறைய 26 மணித்தியாலம் 40 நிமிடம் எடுக்கும். ஆகவே ஒரு நாளில் ஒரு தடவை திறந்தாலே போதும், பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல கணக்கு.

தொடக்கத்தில் எதற்குச் செலவழிப்பது? அனுபவப் புத்தகம் தரும் நீல லே லைன், மோரா தரும் மஞ்சள் லே லைன், பிறகு அசென்ஷனுக்குத் தேவையான பெரும் எதிரி. லே லைனுக்கு 20, பெரும் எதிரிக்கு 40. உடையக்கூடிய ரெசின் என்று பையில் சேரும் நிலாக் கற்கள் போன்றவற்றைத் தொடாதீர்கள். அவை 60 ரெசின் பெறுமதி, ரேங்க் 45க்குப் பிறகு தேவைப்படும்.

ஒன்றைக் கவனியுங்கள்: ரெசின் கழிவது பரிசை எடுக்கும்போது மட்டும்தான். சண்டை இலவசம். கையாவுக்குத் தேவையான பனிக் கொடியோடு, கிரையோ ரெஜிஸ்வைனோடு, எத்தனை தடவையும் மோதிப் பழகலாம். அதன் வேரிலோ உச்சிப் பூவிலோ ஒளிரும் பகுதி தெரியும். அதை ஆம்பரின் எரியும் அம்பால் குறிவைத்து அடித்தால் உடைந்து, கொடி முழுவதும் சரிந்து கிடக்கும். அது கிடக்கும் நேரத்தில் அடிப்பதுதான் உண்மையான அடி. நின்று ஆடும்போது அடிப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது.

9. விஷ், பிரிமோஜெம், காசு

புதிய பாத்திரங்கள் விஷ் என்ற குலுக்கலில் வருவார்கள். ஒரு விஷ்ஷுக்கு 160 பிரிமோஜெம் என்ற கற்கள் வேண்டும். ஐந்து நட்சத்திரப் பாத்திரம் வரும் வாய்ப்பு 0.6 சதவீதம்தான். 90ஆவது விஷ்ஷுக்குள் ஒன்று நிச்சயம் வரும். பத்துக்குள் நான்கு நட்சத்திரம் ஒன்று வரும். இந்த எண்களைத் தொடங்க முன்னமே மனதில் வையுங்கள், இரவு நேரத்தில் கை பரபரக்காது.

முதலில் புதியவர்களுக்கான குலுக்கலை எடுங்கள். பத்து விஷ்ஷுக்கு எட்டின் விலைதான், முதல் பத்துக்குள் நோயல் நிச்சயம். அதற்குப் பிறகு, விஷ் செய்யக் கொடுக்கும் சீட்டான ஃபேட்டில் நீல நிறத்தைப் பிரிமோஜெம் கொடுத்து வாங்கவே வாங்காதீர்கள், அது விளையாட்டிலேயே அவ்வப்போது இலவசமாக வரும். பிரிமோஜெம்மை இளஞ்சிவப்பு ஃபேட்டுக்காகச் சேர்த்து வையுங்கள். ஒரு குலுக்கலில் எண்ணி வந்த எண்ணிக்கை அடுத்த பாத்திரக் குலுக்கலுக்கும் தொடரும். அதனால் பாதியில் நிறுத்தினாலும் வீணாகாது.

ரேங்க் 12 ஆனதும் நாளொன்றுக்கு நான்கு சிறு பணிகள் வரும். நான்கையும் முடித்து, சாகசக்காரர் சங்கத்தில் நிற்கும் கேத்ரினிடம் போய்ச் சொன்னால் மொத்தம் 60 பிரிமோஜெம். மாதத்துக்கு 1800, அதாவது 11 விஷ். கேத்ரினிடம் போக மறப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கை, 20 பிரிமோஜெம்மை, நாள்தோறும் இழக்கிறார்கள்.

ரேங்க் 20க்குப் பிறகு ஸ்பைரல் அபிஸ் என்ற கோபுரம் திறக்கும். அதன் மூன்றாம் தளத்தின் மூன்றாம் அறையை முடித்தால் ஷியாங்லிங் இலவசம். நெருப்பில் அவள் ஆம்பரைவிட எவ்வளவோ மேல். ஆம்பருக்கென்று வைத்திருந்த இடத்தை அப்போது அவளுக்குக் கொடுக்கலாம். ஆம்பர் பந்தம் கொளுத்தவும் தூரக் குறிக்கும் உதவுவாள்.

காசு விசயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய காசு, அப்பாவின் வங்கி அட்டை, இவற்றைக் குலுக்கலில் போட வேண்டாம். கதை முழுவதையும் இலவசப் பாத்திரங்களோடு முடிக்கலாம். அட்டை இலக்கத்தைப் போனில் சேமித்து வைத்துத் தம்பி தங்கச்சியிடம் கொடுக்கவும் வேண்டாம். இலவசப் பிரிமோஜெம் தருகிறோம், கடவுச்சொல்லைத் தாருங்கள் என்று கேட்கும் எதுவும் திருட்டு. உண்மையான பரிசுக் குறியீடுகளுக்குக் கடவுச்சொல் தேவையில்லை. ரேங்க் 10 ஆன பிறகு செட்டிங்ஸில் குறியீட்டை அடித்தால் பரிசு விளையாட்டின் தபால் பெட்டிக்கு வரும்.

10. இன்னும் போகக் கூடாத இடங்கள்

மோன்ட்ஸ்டாட்டுக்குத் தெற்கே வெள்ளையாக ஒரு மலை தெரியும். அது டிராகன்ஸ்பைன். பார்க்க அழகு, எல்லாரும் முதல் நாளே ஏறப் போவார்கள். அங்கே குளிர் ஏறிக்கொண்டே இருக்கும், நிறைந்தால் உயிர் குறையும். பந்தத்துக்கும் நெருப்புச் சட்டிக்கும் பக்கத்தில் நின்றால் குளிர் இறங்கும். ஒரு நெருப்பிலிருந்து அடுத்த நெருப்பு எங்கே என்று பார்த்துவிட்டு ஓடப் பழகிய பிறகு போங்கள்.

பின்னால் வந்த நாடுகளுக்கும் கதைக்கும் விளையாட்டு குறுக்குவழி காட்டினால் எடுக்காதீர்கள். மோன்ட்ஸ்டாட்டுக்குப் பிறகு லியூவே, அந்த வரிசையில்தான் கதை விளங்கும், ஸ்டமினாவும் அதற்கேற்ப வளரும். கதை சில இடங்களில் ரேங்க் போதாது என்று நிறுத்தும். அப்போது ஊர் சுற்றுங்கள், பெட்டிகளைத் திறவுங்கள்.

11. அப்டேட் வரும்போது

ஆறு வாரத்துக்கு ஒரு தடவை பெரிய அப்டேட் வரும். பல ஜிபி இருக்கும். வருவதற்குச் சில நாள் முன்பே முன்கூட்டி இறக்கும் வசதி விளையாட்டுக்குள் திறக்கும். அதை இரவு டேட்டாவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் நாளன்று எல்லாரும் ஒரே நேரத்தில் இழுப்பதால் வேகம் மிகக் குறையும்.

இடம் போதாவிட்டால் செட்டிங்ஸில் முடித்த கதைகளின் கோப்புகளை நீக்கும் தெரிவு உண்டு. அதை நீக்கினால் உங்கள் முன்னேற்றத்துக்கு ஒன்றும் ஆகாது. விளையாட்டையே அழித்துவிட்டுத் திரும்ப இறக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், முதல் பகுதியில் சொன்ன முழு டவுன்லோடையும் மீண்டும் செய்ய வேண்டி வரும்.